அண்ணன் ஓட்டிய கேரவனுக்கு நான் போட்ட மேப்

டேய் அண்ணா!

இப்படிக் கூப்பிட்டால்தான் நீ திரும்பிப் பார்ப்பாய். உனக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று இருந்தது. அதை ரேஷன் கார்டிலும் லைசென்ஸிலும்தான் நான் பார்த்திருக்கிறேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து எனக்கு உன் பேர் 'டேய் அண்ணா'தான். 'டா' போட்டுக் கூப்பிடாதே என்று அம்மா திட்டுவாள். கூடவே அண்ணாவும் போடுகிறேனே, கழித்துக்கொள் என்பேன். இப்போது அக்கம்பக்கத்தில், போய்ச் சேர்ந்தவனை அப்படிக் கூப்பிடக் கூடாது, மரியாதையாகச் சொல் என்கிறார்கள். மரியாதையாகக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நீ போய்க்கொண்டே இருப்பாய்.

இனி, இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நான் ஒன்பதாவது பாதி வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பள்ளிக்கூடத்தைத் திட்டாதீர்கள், பள்ளிக்கூடம் ஒழுங்காகத்தான் இருந்தது, நான்தான் போகவில்லை. வீடு சென்னையில் ஆவடி பக்கம் நெமிலிச்சேரி, ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். அப்பா இல்லை. அம்மா, அண்ணன், நான்.

அண்ணன் கேரவன் டிரைவர். சினிமா ஷூட்டிங்கில் நடிகர்கள் மேக்கப் போட, உடை மாற்ற, தூங்க ஒரு பெரிய வண்டி வந்து நிற்குமே, அதுதான் கேரவன். பஸ் மாதிரி டீசல் வண்டி. உள்ளே இரண்டு ரூம், ஏசி, கட்டில், பாத்ரூம், சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி, தண்ணீர் டேங்க், வயிற்றுக்குக் கீழே ஜெனரேட்டர். எங்கள் வீட்டில் இல்லாதது எல்லாம் அதில் இருந்தது. எங்கள் வீட்டையே அதற்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடலாம்.

அதற்கு முன் அவன் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினான். தண்ணீர் லாரி ஓட்டினான். கேரவன் கைக்கு வந்த பிறகு அவன் நடையே மாறிவிட்டது. செருப்பை வெளியில் கழற்றிவிட்டுத்தான் வண்டிக்குள் ஏறுவான். அந்தக் கட்டிலில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கால் நீட்ட வேண்டுமென்றால் டிரைவர் சீட்டிலேயே மடங்கிப் படுத்துக்கொள்வான்.

வண்டி பூந்தமல்லி பாய் ஒருவருடையது. நல்ல மனிதர். வண்டிதான் நல்ல வண்டி இல்லை. சமதரையில் ஓடும். மேடு வந்தால் நமக்கு முட்டி வலிப்பது மாதிரி அதற்கும் வலிக்கும். ஒருமுறை ஏற்காட்டில் ஷூட்டிங். பாதி மலையில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. ஆறவைத்து ஆறவைத்து அண்ணன் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரைக்கும் கதாநாயகி நாலு பேர் பிடித்த பெட்ஷீட்டுக்கு நடுவில் நின்று உடை மாற்றியிருக்கிறார். மேனேஜர் எல்லார் முன்னாலும் சொன்னாராம்: "உனக்கு நாளைக்கு ஷூட்டிங்னா நேத்தே கெளம்பிடணும்யா."

அன்றிலிருந்து யூனிட்டில் அவன் பேர் 'நேத்து'.

"ஏ நேத்து, டீ எடுத்துக்கோ. நீ வர்றதுக்குள்ள ஆறிடப் போவுது."

"நேத்து, வண்டிய கொஞ்சம் பின்னால எடு. பரவால்ல, பொங்கலுக்குள்ள எடு."

இதையெல்லாம் அவனே வீட்டில் வந்து நடித்துக் காட்டுவான், நாங்கள் சிரிப்போம். ஆனால் பாய் சொன்னதை மட்டும் அவன் நடித்துக் காட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். விட்டுப்போன காட்சிகளை எடுக்க அடுத்த மாதம் அதே ஏற்காட்டுக்குத் திரும்பப் போகிறார்கள். இந்தத் தடவையும் வண்டி மலையில் நின்றால், அதை ஸ்டுடியோவுக்குள்ளேயே மாத வாடகைக்கு நிரந்தரமாக நிறுத்திவிடப் போவதாகப் பாய் சொல்லிவிட்டார்.

"நானு பாய்?" என்று இவன் கேட்டிருக்கிறான்.

"நிக்கிற வண்டிக்கு டிரைவர் எதுக்குப்பா? நீயே சொல்லு."

அம்மா ஆறுதல் சொல்கிறேன் என்று, "நிக்கிற வண்டின்னா டீசல் மிச்சம்தானேடா" என்றாள். அவன் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான். திரும்பவும் தண்ணீர் லாரிக்குப் போவதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் கேட்கும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

இந்த இடத்தில்தான் நான் உள்ளே நுழைந்தேன். நுழையாமல் இருந்திருக்கலாம் என்று சொல்ல இன்னும் மனசு வரவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்கு ஒயரிங் கட்டித் தருகிற கம்பெனியில் எனக்கு வேலை. என் வேலை ஒரே ஒரு கனெக்டர். அதில் பச்சை ஒயரும் பழுப்பு ஒயரும் குத்துவேன். அதற்கு மேல் அந்த ஒயர் எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டில் நான் வாகன இன்ஜினியர். பக்கத்து வீட்டு மிக்சி ரிப்பேரானால் கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்துவிட்டு "ஒயரிங்ல பிரச்சினை கீது" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டது இது: இப்போதைய டீசல் இன்ஜினுக்கு மூளை மாதிரி ஒரு டப்பா இருக்கிறது. எவ்வளவு டீசல் பீய்ச்ச வேண்டும், டர்போ எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும் என்று அதற்குள் கட்டம் கட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பேர் மேப். லேப்டாப்பை ஒயரில் மாட்டி அந்த மேப்பை மாற்றினால் அதே இன்ஜின் இன்னும் பலமாக இழுக்கும்.

அன்றைக்குச் சாப்பிடும்போது சொன்னேன். "டேய் அண்ணா, உன் வண்டிக்கு மேப் மாத்துனா மலை ஏறிடும்டா."

"மேப்பா?" தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். "ஏற்காட்டுக்கு எனக்கு வழி தெரியாதா? சேலத்துக்கு ஊட்டுக்கும் கடைக்கும் மாதிரி போய்கினு வந்துகினு கீறேன். நீ அம்பத்தூர்லேர்ந்து ரயில்ல தூங்கிகினே நம்ம ஸ்டேஷன உட்டுட்டு திருநின்றவூர் போய்ட்டு ரிட்டர்ன் வர்ற ஆளு. நீ எனக்கு மேப்பு சொல்றியா?"

"வழி மேப்பு இல்லடா. இன்ஜின் மேப்பு."

"இன்ஜினு எங்கடி தனியா போவுது? வண்டிதான போவுது?"

வீடியோவைக் காட்டினேன். எந்த நாட்டு பாஷையோ, இரண்டு பேருக்கும் புரியவில்லை. கடைசியில் ஒரு வண்டி மணல் மேட்டில் சர்ரென்று ஏறியது. அது மட்டும் நன்றாகப் புரிந்தது. அதை அவன் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். பிறகு, "பாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுரணும். வண்டி அவர்து" என்று போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"பாய், வண்டில மேப்பு மாத்திக்கவா?"

"இன்னாது?"

"மேப்பு பாய். வேற மேப்பு போட்டா நல்லா ஏறும்னு தங்கச்சி சொல்லுது."

பாய் கொஞ்ச நேரம் யோசித்தார். "மேப்புதானப்பா? மாத்திக்கோ. இதுக்கெல்லாமா போன் போட்டுக் கேப்பாங்கோ?"

போனை வைத்துவிட்டு அண்ணன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "பாருடி. பாய்க்கே தெரிஞ்சிகீது. எனக்குத்தான் தெர்ல." அந்த வயதிலும் பாய் எவ்வளவு விஷயம் தெரிந்துவைத்திருக்கிறார் என்று இரண்டு பேரும் மெச்சிக்கொண்டோம்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவில் போய் அந்த ஒயரை வாங்கினேன். ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கும் என் தோழிக்குப் பள்ளிக்கூடத்தில் இலவச லேப்டாப் கொடுத்திருந்தார்கள். அதை இரவல் வாங்கினேன். பிளக்கில் இருக்கும் வரைக்கும்தான் அதற்கு உயிர், பிடுங்கினால் செத்துவிடும். மேப்பைத் திருத்தித் தர கோயம்புத்தூரில் ஒருவர் இருந்தார். முகம் பார்த்ததில்லை, எல்லாம் போனில்தான். வண்டியிலிருந்து பழைய மேப்பை எடுத்து நாம் அனுப்ப வேண்டும், அவர் திருத்தி அனுப்புவார், நாம் திரும்ப ஏற்ற வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பூந்தமல்லியில் வண்டி நிற்கிற மைதானத்துக்குப் போனோம். ஜெனரேட்டரைப் போட்டு, மேக்கப் ரூமிலிருந்து முன்னால் டிரைவர் சீட் வரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை விட்டு ஒயரை மாட்டினேன். கனெக்டர் சரியாகப் பொருந்தியபோது எனக்கு ஏற்பட்ட பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அது ஒரே பக்கமாகத்தான் பொருந்தும், மாற்றிப் போடவே முடியாது என்பது வேறு விஷயம்.

பழைய மேப் வந்தது. அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் கோயம்புத்தூர்க்காரரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். இரண்டே வார்த்தை: "மேடம், வெயிட்."

"சரி சார்" என்று போட்டுவிட்டேன்.

கதாநாயகி உட்கார்கிற நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சுற்றிலும் பல்பு எரிந்தது. என் மூஞ்சியை அவ்வளவு வெளிச்சத்தில் அதுவரை நான் பார்த்ததில்லை. பார்க்காமலே இருந்திருக்கலாம். மத்தியானம் ஆனது. அண்ணன் பிரியாணி வாங்கி வந்தான், வண்டிக்குள் வாசனை அடிக்கும் என்று வெளியில் வெயிலில் நின்று சாப்பிட்டோம். திரும்ப வந்து உட்கார்ந்தோம்.

"இன்னாடி ஆச்சு?"

"வெயிட் பண்ணச் சொல்லிக்கிறாரு."

"எவ்ளோ நேரம்?"

"பெரிய வேலைடா அது. சும்மா தொணதொணன்னு கேட்டுகினு இருந்தா அவருக்குக் கோவம் வந்துரும்."

சாயங்காலம் அவரே போன் செய்தார். "ஏனுங் மேடம், காலையிலயே வெயிட் கேட்டேனுங்களே?"

"வெயிட்தான் சார் பண்ணிகினு கீறோம். காலையிலேர்ந்து."

அந்தப் பக்கம் நெற்றியில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு, "வண்டியோட வெயிட்டுங்க மேடம். எத்தன டன்னு?" என்றார்.

அவர் எங்களுக்காகவும் நாங்கள் அவருக்காகவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காத்திருந்திருக்கிறோம். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து அப்படியே அந்தக் கட்டிலில் விழுந்தான். அந்தக் கட்டிலில் அவன் முதுகு பட்டது அன்றைக்குத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, எடை மேடையில் போட்ட கணக்கைச் சொன்னான். "தண்ணி ரொப்பினா இன்னும் கூட சார்" என்றான்.

"ஏனுங், அது வண்டிங்களா, கல்யாண மண்டபமுங்களா?" என்றார் அவர்.

புது மேப் வந்தது. ஏற்றுகிற நேரத்தில் நடுவில் கரண்ட் போனால் அந்த மூளை டப்பா செத்துவிடும், வண்டி மலைக்கு என்ன, மைதானத்தின் கேட்டுக்குக் கூடப் போகாது என்று அவர் எச்சரித்திருந்தார். அதனால் அண்ணனை டிரைவர் சீட்டில் சிலை மாதிரி உட்காரவைத்தேன். கதவைத் திறக்கக் கூடாது, லைட் போடக் கூடாது, எதையும் தொடக் கூடாது. ஸ்கிரீனில் பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது.

"நான் தும்மலாமா?" என்றான்.

"தும்மாத."

"தும்மலுக்கும் பேட்டரிக்கும் இன்னாடி சம்மந்தம்?"

"தெர்ல. எதுக்கு ரிஸ்க்கு."

மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தான். பச்சைக் கோடு முழுதாக ஓடி முடிந்ததும் விட்டான் பாருங்கள் ஒரு தும்மல், கண்ணாடி பல்பெல்லாம் ஆடியது.

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. எங்களுக்குத் தெரிந்த ஏற்றம் பாடி மேம்பாலம்தான். அடுத்த ஞாயிறு காலையில் தண்ணீர் டேங்கை முழுக்க நிரப்பிக்கொண்டு, மதுரவாயல் வழியாகப் பாடிக்குப் போனோம். பாலம் ஏறுகிற இடத்தில் நிறுத்தி, டாஷ்போர்டைத் தொட்டுக் கும்பிட்டு, அண்ணன் ஆக்சிலேட்டரை அழுத்தினான்.

வண்டி ஏறியது. அது உண்மை. பின்னால் வந்தவர்கள் யாரும் ஏறவில்லை. வழி தெரிந்தால்தானே ஏறுவார்கள்? அவ்வளவு கரும்புகை. கண்ணாடியில் பார்த்தால் பாலத்தைக் காணோம். புகைக்குள்ளிருந்து ஒரு பைக்காரர் இருமிக்கொண்டே வெளியே வந்து எங்கள் பக்கத்தில் ஓட்டினார்.

"அண்ணாத்தே, இன்னா, கொசு மருந்தா அடிக்கிற? எங்க தெருவுக்கும் வாயேன், ரொம்ப நாளா யாரும் வர்ல!"

"போய்யா, போ" என்றான் அண்ணன்.

"வெள்ள சட்ட போட்டுகினு வந்தேன் தலைவா. பொண்ணு பாக்கப் போறேன்."

அந்தச் சட்டையைப் பார்த்தேன். அந்தப் பெண் சம்மதித்தாளா என்று இன்றைக்கும் எனக்குக் கவலை.

பாலம் இறங்கி ஓரமாக நிறுத்தினான். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவன் சிரிக்கவில்லை. ஸ்டீயரிங் மேல் கையை வைத்துக்கொண்டு, "பாய் பாத்தாருன்னா நிக்கிற வண்டி கூட இல்லடி. மலையில இப்பிடிப் புகை விட்டா என்னிய யூனிட்டுக்குள்ளயே விடமாட்டாங்கோ" என்றான். அந்த மேப்புக்கு அவன் தன் சீட்டையே வைத்து ஆடிக்கொண்டிருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அது அதுவரை வீடியோவில் பார்த்த விளையாட்டு.

கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். அவர், "டீசல் கூடப் போவுது, காத்துப் பத்தலீங்க. எங்கியோ லீக்கு இருக்கோணும். டர்போவுல இருந்து வர்ற ஹோஸப் பாருங்க" என்றார்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அந்த உஸ்ஸு!" என்றான். வண்டி அவன் கைக்கு வந்த நாளிலிருந்து மேட்டில் 'உஸ்' என்று ஒரு சத்தம் கேட்குமாம். ஏசி சத்தம் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறான். கீழே படுத்து உள்ளே போனவன், கையில் ஒரு ரோஸ் கலர் துண்டோடு வெளியே வந்தான். மேக்கப் துடைக்கிற துண்டு. ஹோஸ், அதாவது காற்று போகிற ரப்பர் குழாய், நீளமாகக் கிழிந்திருக்கிறது, எந்தக் காலத்திலோ எந்த மெக்கானிக்கோ அதைச் சுற்றிக் கட்டி விட்டிருக்கிறார். டர்போ தள்ளுகிற காற்றில் பாதி வெளியில் போய்க்கொண்டிருந்தது.

மூளை சரியில்லை என்று நான் மூளையை மாற்றினேன். வண்டிக்குக் கிழிந்திருந்தது மூக்கு.

மறுநாள் அவனே பாடியில் போய்ப் புது ஹோஸ் வாங்கி மாட்டினான். கோயம்புத்தூர்க்காரர், "அத்தன பவரு வேண்டாமுங்க, கிளட்ச்சு போயிரும்" என்று அடக்கமான வேறு மேப் ஒன்றை அனுப்பினார். அதை ஏற்றித் திரும்பவும் பாலத்துக்குப் போனோம். புகை இல்லை. 'உஸ்' இல்லை. பாலம் ஏறியதே தெரியவில்லை, இறங்கும்போதுதான் ஏறியிருக்கிறோம் என்று தெரிந்தது. ஆனால் பாடி மேம்பாலம் ஏற்காடு இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அவன் மலைக்குப் போன அன்று எனக்குக் கம்பெனியில் வேலை. லைனில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், லாக்கரில் வைக்க வேண்டும். பச்சை ஒயரைப் பழுப்பு இடத்தில் குத்தினேன். சூப்பர்வைசர் வந்து, "இன்னாம்மா, வேலைக்கு வந்த நாள்லேர்ந்து இது ஒண்ணுதான் பண்ற, இதையும் மாத்திட்டியா?" என்றார். டீ நேரத்தில் போய்ப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. இந்நேரம் எந்த வளைவில் நின்றுகொண்டிருக்கிறானோ, எந்தக் கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறானோ என்று நினைத்துக்கொண்டே டீயை ஆறவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாய்ஸ் மெசேஜ் இருந்தது. முதலில் காற்றுச் சத்தம் மட்டும். பிறகு அவன் குரல்.

"ஏ... குளுருதுடி."

அவ்வளவுதான். சாம்பார் சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா பதறிப்போய், "யார்னா செத்துட்டாங்களாடி?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. குளுருதாம்" என்றேன்.

மேனேஜர் காரில் மேலே போய் இறங்கியபோது, கேரவன் அங்கே நின்று ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. "எப்பய்யா வந்த?" என்று கேட்டாராம். "நேத்தே சார்" என்று சொல்லிவிட்டு இவன் டீ குடிக்கப் போனானாம். இதை வீட்டில் எத்தனை தடவை நடித்துக் காட்டினான் என்று கேட்காதீர்கள். கடைசியில் அம்மாவே மேனேஜர் வசனத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

அந்த வாரமே பாய் எங்கள் வீட்டுக்கு இனிப்போடு வந்தார். சந்தோஷமாக உட்கார்ந்து, "ஆமாம்பா, எந்த வழி அது?" என்று கேட்டார்.

"எது பாய்?"

"அதான், புது மேப்பு போட்டியே. மேடு கம்மியா ஒரு வழி காட்டிச்சாமே. எனக்கும் அனுப்பு. மத்த ஓனருங்கல்லாம் கேக்கறாங்கோ."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா இனிப்பைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் நான் விளக்கிச் சொன்னேன். மூளை, கட்டம், டீசல், காற்று எல்லாம். பாய் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்.

"இன்ஜினுக்குள்ள மேப்பா? யாரக் கேட்டுப்பா என் வண்டி மூளையில கை வெச்சீங்கோ?"

"உங்களக் கேட்டுதான் பாய்" என்றான் அண்ணன். "ஸ்பீக்கர்ல."

பாய் கையிலிருந்த இனிப்பைக் கீழே வைத்தார். அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். திடீரென்று அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் கொடைக்கானலு கீது. ஓட்டிகினு போ" என்றார்.

அவன் சீட் அவனுக்கே நின்றது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே சண்டை. வண்டி மலை ஏறியது எதனால்? நான் போட்ட மேப்பாலா, அவன் மாட்டிய ஹோஸாலா? பழைய மேப்பைத் திரும்ப ஏற்றி ஒருதடவை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு பேருமே அதைச் செய்யவில்லை. தோற்றுவிடுவோமோ என்று எனக்குப் பயம். அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். "ஹோஸுதான்டி" என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவான். "மேப்புதான்டா" என்று நான் கதவைச் சாத்துவேன். கோத்தகிரி, கொல்லிமலை என்று அவன் ஏறாத மலை இல்லை. அங்கங்கே கிடைத்த தண்ணீரைக் குடித்தான், கிடைத்ததைச் சாப்பிட்டான்.

மழைக்காலத்தில் ஒரு ஷூட்டிங் முடித்து, வண்டியைப் பூந்தமல்லியில் கொண்டுவந்து ஒழுங்காக நிறுத்தி, சாவியைப் பாய் கையில் கொடுத்து, "ஒடம்பு சுடுது பாய்" என்று சொல்லிவிட்டு வந்து படுத்தவன்தான். கண் மஞ்சளாகிவிட்டது. காமாலை என்றார்கள். பிறகு கல்லீரல் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

ஒருநாள் மத்தியானம் கண்ணை மூடிப் படுத்திருந்தான். டாக்டர் அப்போதுதான் என்னை வெளியே கூப்பிட்டுப் பேசியிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணைத் திறக்காமலே, "ஹோஸுதான்டி" என்றான்.

அவன் மனசு சந்தோஷப்படட்டும் என்று, "சரிடா. ஹோஸுதான்" என்றேன்.

சட்டென்று கண்ணைத் திறந்து என்னையே பார்த்தான். "இன்னாடி ஒத்துக்கற?" என்றான். "டாக்டர் இன்னா சொன்னாரு?"

எனக்குப் பொய் சொல்லக்கூட ஒழுங்காக வராது. ஒன்பதாவது வரை படித்ததில் அதைக்கூட நான் கற்றுக்கொள்ளவில்லை. "மேப்புதான்டா, மேப்புதான்" என்று அவசரமாக மாற்றினேன். அவன் சிரித்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உடு" என்றான். நான் விடவில்லை.

அவன் போன அன்று எங்கள் தெரு கொள்ளவில்லை. யூனிட்டிலிருந்து லைட் ஆட்கள், மேக்கப் ஆட்கள், டீ கொடுக்கிறவர், அந்த மேனேஜர், எல்லாரும் வந்தார்கள். மேனேஜர் ஓரமாக நின்று அழுதார். தெரு முனையில் பேனர் வைக்க, ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர் வந்து, பேருக்குக் கீழே என்ன போட வேண்டும் என்று கேட்டார். சொந்தக்காரர் ஒருவர் 'தொழிலதிபர்' என்று போடச் சொன்னார், நாலு பேர் பார்த்தால் கௌரவமாக இருக்கும் என்றார். அம்மா எதற்கும் தலையாட்டுகிற நிலையில் இருந்தாள். நான் வேண்டாம் என்றேன், யார் காதிலும் விழவில்லை.

பாய்தான் முன்னால் வந்தார். "டிரைவர்னு போடுங்கோ. சாவிய என் கையில குடுத்த அன்னிக்கு வரைக்கும் அவன் என் டிரைவரு" என்றார். அப்படியே போட்டார்கள். பெரிய எழுத்தில்.

கிளம்பும்போது பாய் என்னிடம், வெள்ளிக்கிழமை தொழுகையில் அண்ணனுக்காக துஆ கேட்பேன் என்றார். என்னையும் தினம் விளக்கேற்றச் சொல்கிறாள் அம்மா. ஏற்றுகிறேன். ஆனால் சாமி முன்னால் நின்றால் எனக்கு வேண்டிக்கொள்ள வருவதில்லை, சண்டைதான் வருகிறது. ஏன் எடுத்துக்கொண்டாய் என்றுதான் கேட்கிறேன். அது வேண்டுதலில் சேராது என்று எனக்கே தெரியும். அதனால் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் கோயிலுக்குப் போகிறவர்களோ, பள்ளிவாசலுக்கோ சர்ச்சுக்கோ போகிறவர்களோ, எங்கேயும் போகாமல் வீட்டிலேயே கண்ணை மூடிக் கும்பிடுகிறவர்களோ, யாராக இருந்தாலும் சரி. நெமிலிச்சேரியிலிருந்து போன ஒரு டிரைவருக்காக, அவன் எங்கே இருந்தாலும் வலியில்லாமல், சிரிப்போடு இருக்க வேண்டும் என்று எல்லாரும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.